தகரப் பெட்டியிலிருந்து ஒரு பயணக் குறிப்பேடு

கையால் புத்தகம் கட்டும் முறை பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்த குறிப்பைப் படித்துவிட்டு, வீட்டில் பல காலமாகக் கிடக்கும் கடிதம், அழைப்பிதழ், பட்டுத்துணி, கணக்கேடு ஆகியவற்றைக் கொண்டு பயணக் குறிப்பேடு செய்து கொள்ளலாமா என்று கேட்டு வாசகர்கள் பலர் எழுதியிருக்கிறார்கள். ஒத்த கேள்விகளை ஒன்றாக்கி, ஏழு கேள்விகளுக்கு இங்கே விடை எழுதுகிறேன்.

தாத்தாவின் தகரப் பெட்டியில் நூற்றுக்கும் மேற்பட்ட அஞ்சலட்டைகளும் இன்லண்டு கடிதங்களும் பழைய திருமண அழைப்பிதழ்களும் இருக்கின்றன. வரும் தை மாதம் குடும்பத்தோடு ராமேசுவரத்திலிருந்து காசிக்கு ரயிலில் செல்லவிருக்கிறோம். அந்த அஞ்சலட்டைகளையே பக்கங்களாக வைத்துத் தைத்து, அதில் பயணக் குறிப்புகளை எழுதலாம் என்று நினைக்கிறேன். சரிதானா? — வாசகி, காரைக்குடி

பக்கங்களாக வைக்க வேண்டாம். அஞ்சலட்டையில் எழுதுபவர்கள் இடத்தை மிச்சம் வைப்பதில்லை. என் பெரியம்மா எழுதிய அட்டை ஒன்று என்னிடம் இருக்கிறது. இடம் போதாமல் எழுத்து விளிம்பைச் சுற்றிக்கொண்டு போய், தலைகீழாகத் திரும்பி, முகவரிக் கோட்டுக்கு மேலே, "மாடு கன்று போட்டது, காளை" என்று முடிகிறது. அதன் மேல் நீங்கள் எங்கே எழுதுவீர்கள்? மேலும், 14 சென்டிமீட்டர் நீளமும் 9 சென்டிமீட்டர் அகலமும் உள்ள அந்த அட்டையில் ஊசித் துளை போட்டுத் தைத்தால், பத்து நாள் ரயில் பயணத்தில் திறந்து மூடும்போது துளையோடு துளை சேர்ந்து கிழிந்துவிடும்.

பழைய தாளை எடுத்துக்கொள்ளும் எவரும் கத்தரிக்கோலைத் தொடுவதற்கு முன் அதை ஒரு முறை முழுவதும் வாசித்துவிட வேண்டும் என்பது நான் விடாமல் சொல்லி வரும் ஒன்று. உங்கள் பெட்டியில் இருப்பவற்றைக் கால வரிசையில் அடுக்குங்கள். அஞ்சல் முத்திரை மங்கிப் போயிருந்தாலும் வேறு தடயங்கள் கைகொடுக்கும். விலை அணாவில் அச்சாகியிருந்தால் அது 1957 ஏப்ரலில் நாணய முறை மாறுவதற்கு முன் அச்சான அட்டை. "நயா பைசா" என்றிருந்தால் 1957-க்கும் 1964-க்கும் இடைப்பட்டது. பின்கோடு எழுதுவதற்கான ஆறு கட்டங்கள் இருந்தால், அது 1972 ஆகஸ்டு 15-க்குப் பிறகு வந்ததுதான். அனுப்பியவர் முகவரியில் "மதராஸ் ஸ்டேட்" என்று அச்சிட்டிருந்தால், பெரும்பாலும் 1969 ஜனவரியில் தமிழ்நாடு என்ற பெயர் நடைமுறைக்கு வருவதற்கு முந்தியதாக இருக்கும். பழைய முகவரித் தாளைக் காலி செய்யும்வரை விடாமல் பயன்படுத்திய கடைக்காரர்களும் உண்டு என்பதால் இந்த ஒரு தடயத்தை மட்டும் நம்ப வேண்டாம். நான்கு மூலையிலும் மஞ்சள் தடவிய கடிதங்கள் நிறையக் கிடைக்கும். மூலையில் கறுப்பு மை தடவிய துக்கச் செய்தி அநேகமாகக் கிடைக்காது. வாசித்த கையோடு கிழித்துப் போட்டுவிடுவது வழக்கம். தப்பித் தவறி ஒன்று கிடைத்தால், அதை ஏன் கிழிக்காமல் வைத்திருந்தார்கள் என்று வீட்டுப் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

அடுக்கி முடித்த பிறகு, எழுத்துள்ள அட்டைகளை நகலெடுத்து நகலைப் பயன்படுத்துங்கள். கெட்டியான தாளில் வண்ண நகல் எடுத்தால், ஒரு சாண் தொலைவில் அசலுக்கும் நகலுக்கும் வேறுபாடு தெரியாது. அசலாகவே வைக்க விரும்பினால், வீட்டில் மூன்று நான்கு பிரதிகள் மிஞ்சியிருக்கும் திருமண அழைப்பிதழை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் உறையைப் பின்னட்டையின் உட்புறத்தில் மூன்று பக்கம் மட்டும் ஒட்டினால் பயணச்சீட்டு, விபூதிப் பொட்டலம், கடை ரசீது எல்லாம் போட்டு வைக்க ஒரு பை கிடைத்துவிடும். எழுதும் பக்கங்கள் புதிய தாளாக இருக்கட்டும்.

உக்கடம் பழைய புத்தகக் கடையில் பாதி எழுதாத பேரேடு ஒன்று வாங்கினேன். வெளிர் நீலக் கோடு போட்ட தாள், பார்க்க மிக அழகாக இருக்கிறது. ஆனால் மைப்பேனாவால் எழுதினால் மை பரவி, மறுபக்கமும் தெரிகிறது. சரிசெய்ய வழி உண்டா? — வாசகர், கோயம்புத்தூர்

தாள் தயாரிக்கும்போது, மை உறிஞ்சாமல் இருப்பதற்காக அதில் ஒரு வகைப் பசைப் பூச்சு சேர்க்கப்படுகிறது. பல ஆண்டுகள் ஈரத்திலும் வெக்கையிலும் கிடந்த தாளில் அந்தப் பூச்சு வலுவிழந்துவிடும். அதனால்தான் மை வலை பின்னுவதுபோல் ஓடுகிறது. அந்தத் தாளில் பென்சிலாலோ பால்பாயிண்ட் பேனாவாலோ தாராளமாக எழுதலாம். மைப்பேனாதான் வேண்டுமென்றால் புதிய தாளோடு கலந்து வையுங்கள். நான்கு புதிய தாளுக்கு ஒரு பேரேட்டுத் தாள் என்று மடித்தால் பழைய நீலக் கோடு இடையிடையே வந்து போகும். எழுதுவதற்கும் இடைஞ்சல் இராது.

பேரேட்டுத் தாளின் மூலையை முன்னும் பின்னுமாக நான்கைந்து முறை மடித்துப் பாருங்கள். ஒடிந்து கையோடு வந்துவிட்டால் அதைத் தைக்கவே கூடாது. மரக்கூழில் செய்த பழைய தாளில் அமிலம் ஊறி நார் நொறுங்கியிருக்கும். அந்தப் பழுப்பு பக்கத்திலுள்ள நல்ல தாளுக்கும் ஏறும். செய்தித்தாள் துண்டை ஒரு புத்தகத்துக்குள் சில ஆண்டுகள் விட்டு வைத்தவர்களுக்கு, துண்டின் அளவிலேயே பழுப்புக் கட்டம் விழுந்திருப்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

புதிய தாள் வாங்கும்போது இன்னொன்றையும் கவனியுங்கள். மரப்பலகைக்கு நார் ஓடும் திசை இருப்பதுபோல் தாளுக்கும் உண்டு. அந்தத் திசை குறிப்பேட்டின் முதுகுக்கு, அதாவது தைக்கும் ஓரத்துக்கு, இணையாக இருந்தால்தான் பக்கங்கள் படிந்து விரியும். குறுக்காக இருந்தால் முதுகோரம் அலையலையாக எழும்பி, குறிப்பேடு தானாக மூடிக்கொள்ளப் பார்க்கும். கடையில் கட்டாக விற்கும் ஏ4 தாளில் பெரும்பாலும் நார் நீளவாக்கில் ஓடுகிறது. அதை இரண்டாக மடித்தால் மடிப்பு நாருக்குக் குறுக்கே விழுகிறது. நார் நீளவாக்கில் ஓடும் ஏ3 தாளை வாங்கி, நீளத்தைப் பாதியாக்கும்படி வெட்டி, பிறகு மடித்தால் மடிப்பும் நாரும் ஒரே திசையில் அமைந்துவிடும். ஐயமிருந்தால் தாளை மடிக்காமல் இரண்டு திசையிலும் வளைத்துப் பாருங்கள். எந்தப் பக்கம் எதிர்ப்பில்லாமல் வளைகிறதோ, அந்த வளைவுக்கு இணையாக நார் ஓடுகிறது என்று கொள்ளலாம். சென்னை ஆண்டர்சன் தெருவிலுள்ள தாள் வியாபாரிகளிடம் கேட்டால் வாயாலேயே சொல்லிவிடுவார்கள்.

அம்மாவின் கூறைப்புடவை மடிப்பு மடிப்பாக இற்றுவிட்டது. அதை மேலட்டைக்குப் பயன்படுத்தலாமா? — வாசகி, தூத்துக்குடி

பயன்படுத்தலாம், ஆனால் எந்தப் பகுதியை வெட்டுவது என்று முதலில் முடிவு செய்யுங்கள். புடவையை ஜன்னலுக்கு எதிரே விரித்துப் பிடித்தால், மடித்து வைத்த கோடுகளில் வெளிச்சம் ஊசி ஊசியாக உள்ளே வரும். அந்தக் கோடுகளுக்கு இடைப்பட்ட பகுதிதான் நமக்கு உதவும். வெட்டும் முன், தெருவில் "பழைய பட்டுச்சேலை வாங்குறது" என்று கூவி வருபவரிடம் விலை கேட்டு வைப்பதில் தவறில்லை. பழைய சரிகையில் வெள்ளி இருக்கும். அதற்குத்தான் அவர் வருகிறார். விலையைக் கேட்ட பிறகும் வெட்டத் தோன்றினால் வெட்டுங்கள்.

பட்டின் மீது நேரடியாகப் பசை தடவாதீர்கள். பசை நூலிடையே ஊறி மேல்பக்கம் கறையாகத் தெரியும், சரிகையும் கறுக்கும். சட்டைக் காலருக்கு வைக்கும் ஒட்டுக் கேன்வாஸ் தையல் பொருள் கடையில் மீட்டர் கணக்கில் கிடைக்கிறது. அதைப் பட்டின் பின்பக்கம் வைத்து, மேலே ஒரு பருத்தித் துணியைப் போட்டு, மிதமான சூட்டில் தேய்த்தால் இரண்டும் ஒட்டிக்கொள்ளும். பிறகு கேன்வாஸ் பக்கத்தில் பசை தடவி அட்டையில் ஒட்டலாம். முதுகும் நான்கு மூலைகளும் பையில் உரசும் இடங்கள். அங்கே பட்டுத்துணியை வைத்தால் மூன்றாம் நாளே பிசிறு கிளம்பும். முதுகுக்கும் மூலைக்கும் பைண்டிங் கடையில் கிடைக்கும் காலிகோ துணியையோ, பழைய வேட்டியைச் சாயம் தோய்த்தோ வைத்துவிட்டு, நடுப்பகுதிக்கு மட்டும் பட்டைக் கொடுங்கள். கரையை அட்டையின் இடது ஓரத்தில், முதுகிலிருந்து ஒரு விரற்கடை தள்ளி நிறுத்தினால் எடுப்பாக இருக்கும்.

அட்டைக்கு மில்போர்டு என்னும் கெட்டி அட்டையை வாங்கலாம். இதையும் பழையதிலிருந்தே எடுக்க விரும்பினால் தினசரி நாட்காட்டியின் அட்டையே போதும். சாமி படத்தை வெட்ட மனம் வராதவர்கள் கடை விளம்பரம் மட்டும் உள்ள நாட்காட்டியைத் தேடிக்கொள்ளலாம். ஒரு பக்கம் துணி ஒட்டிய அட்டை காயும்போது அந்தப் பக்கமாக வளையும் என்பதால், உட்பக்கத்திலும் ஒரு தாளை ஒட்டி, இரண்டையும் சேர்த்துக் கனமான பொருளின் கீழ் ஒரு நாள் முழுக்க வையுங்கள். எங்கள் வீட்டில் அதற்கு ஆட்டுக்கல்லின் குழவிதான்.

மைதாப் பசை காய்ச்சி ஒட்டிய குறிப்பேட்டில் மழைக்காலத்தில் பூஞ்சையும் பூச்சியும் வந்துவிட்டன. மயில்துத்தம் கலந்தால் பூச்சி வராது என்கிறார்கள். கலக்கலாமா? — வாசகர், சென்னை

கூடாது. மயில்துத்தம் கலந்த பசையைப் பைண்டிங் கடைகளிலும் சுவரொட்டி ஒட்டுபவர்களிடமும் வெகுகாலமாகப் பார்க்கிறோம். பூச்சியை விரட்டுவதும் உண்மைதான். ஆனால் அது நஞ்சு. குழந்தைகள் தொடும் பொருளிலும், சாப்பாட்டுப் பொட்டலத்தோடு ஒரே பையில் கிடக்கும் பொருளிலும் அதற்கு இடமில்லை. அதிலுள்ள செம்பும் அமிலத் தன்மையும் சேர்ந்து தாளின் நாரையும் அரிக்கும்.

மைதாவில் மாவுச்சத்தோடு புரதமும் இருப்பதால் பூச்சிக்கு அது விருந்து. அதற்குப் பதிலாகக் கடையில் கார்ன்ஃப்ளவர் என்ற பெயரில் கிடைக்கும் வெள்ளைச் சோளமாவை ஒரு பங்குக்கு ஐந்து பங்கு தண்ணீர் விட்டு, கட்டி தட்டாமல் கரைத்து, சிறு தீயில் கிளறிக்கொண்டே காய்ச்சுங்கள். பால்போல் இருப்பது கண்ணாடிபோல் மாறிய பிறகும் சில நிமிடம் கிளறி, ஆறியதும் துணியில் வடிகட்டி எடுத்துக்கொள்ளலாம். குளிர்பதனப் பெட்டியில் மூன்று நான்கு நாள் தாங்கும். புளித்த வாசனை வந்தால் கொட்டிவிடுங்கள். இந்தப் பசையால் ஒட்டியதைப் பின்னாளில் ஈரம் காட்டிப் பிரித்தெடுக்க முடியும் என்பதால், அசல் கடிதம், புகைப்படம் போன்றவற்றை இதனால் மட்டுமே ஒட்ட வேண்டும். ஃபெவிகால் போன்ற வெள்ளைப் பசை அட்டைக்கும் முதுகுக்கும் ஏற்றது. காய்ந்த பிறகு அது பிரியாது.

உங்கள் குறிப்பேட்டில் பூஞ்சை வந்ததற்குப் பசையைவிட அவசரம்தான் காரணமாக இருக்கும். என் முதல் குறிப்பேட்டையும் ஐப்பசி மாதத்தில் ஒட்டி, மறுநாளே நெகிழிப் பையில் போட்டு எடுத்துச் சென்றேன். திருவண்ணாமலையில் பிரித்தபோது உள்ளட்டை முழுவதும் பச்சை படர்ந்திருந்தது. மழைக்காலத்தில் ஒட்டியதை மின்விசிறிக் காற்றில், இடையே உறிஞ்சும் தாள் வைத்து, அந்தத் தாளை அடிக்கடி மாற்றி, நான்கு நாளாவது உலர விடுங்கள்.

பழைய தாளிலேயே ராமபாணப் பூச்சி இருந்தால், வேலையைத் தொடங்கும் முன் தாளைக் காற்றுப் புகாத பையில் இறுக்கிக் கட்டி, குளிர்பதனப் பெட்டியின் உறைபனிப் பகுதியில் இரண்டு வாரம் வையுங்கள். அந்தப் பகுதியின் வெப்பநிலை மைனஸ் 18 பாகை செல்சியஸோ அதற்கும் கீழோ இருக்க வேண்டும். வெளியே எடுத்ததும் பையைப் பிரிக்காமல் ஒரு நாள் விட்டால், பனி நீர் பையின் மேல் வடியும், தாள் நனையாது.

இயந்திரம் இல்லாமல், ஊசி நூலால் தைத்து, தட்டையாக விரியும்படி செய்ய எளிய முறை எது? — கல்லூரி மாணவி, மதுரை

தாள்களைக் கற்றையாக மடித்து, மடிப்பின் வழியே தைப்பதே முறை. மடித்த ஒரு கற்றையை அச்சகத்தில் ஃபாரம் என்பார்கள். ஃபாரம் ஃபாரமாகத் தைப்பதை நம் பைண்டர்கள் ஜூஸ் பைண்டிங் என்பார்கள். பழச்சாற்றுக்கும் இதற்கும் தொடர்பில்லை. பகுதி எனப் பொருள்படும் ஜுஸ் என்னும் அரபுச் சொல்தான் கைமாறிக் கைமாறி இங்கே வந்திருக்கிறது.

ஐந்து ஏ4 தாளை ஒன்றாக மடித்தால் இருபது பக்கமுள்ள ஒரு ஃபாரம். அப்படி மூன்று போதும், 100 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 100 கிராம்) தாளில் அவற்றின் எடை 95 கிராமைத் தாண்டாது. மேலட்டைக்குக் கெட்டி அட்டை வேண்டாம். பழைய கான்வாஸ் பையையோ ரெக்சினையோ ஒரே துண்டாக வெட்டி, நடுவில் ஒன்றரை சென்டிமீட்டர் அகலத்துக்கு முதுகைக் குறித்துக்கொண்டு, அந்த முதுகில் மேலிருந்து கீழாக நான்கு மில்லிமீட்டர் இடைவெளியில் மூன்று கோடு போடுங்கள். ஒவ்வொரு கோட்டிலும் நடுவில் ஒன்று, மேல் விளிம்பிலிருந்தும் கீழ் விளிம்பிலிருந்தும் மூன்று சென்டிமீட்டர் தள்ளி ஒவ்வொன்று என மூன்று துளை. ஃபாரத்தின் மடிப்பிலும் அதே அளவில் மூன்று துளை.

ஒவ்வொரு ஃபாரத்துக்கும் குறிப்பேட்டின் உயரத்தைப் போல் மூன்று மடங்கு நூலை எடுத்து, ஒரு மெழுகுவர்த்தியின் மீது இரண்டு முறை இழுத்துவிட்டால் சிக்காது, வழுக்காது. ஃபாரத்தை மேலட்டையின் முதல் கோட்டில் பொருத்தி, உள்ளிருந்து இரண்டின் நடுத்துளை வழியாகவும் ஊசியை வெளியே விட்டு, ஒரு சாண் நூலை உள்ளேயே விட்டுவிடுங்கள். வெளியே வந்த ஊசி மேல்துளை வழியாக உள்ளே போகட்டும். உள்ளே நடுத்துளையைத் தாண்டி நேராகக் கீழ்த்துளைக்குச் சென்று வெளியே வந்து, மறுபடி நடுத்துளை வழியாக உள்ளே வர வேண்டும். இப்போது இரண்டு நூல் முனைகளும் உள்ளே ஓடும் நீண்ட நூலின் இரு பக்கமும் நிற்க வேண்டும். நின்றால், அந்த நீண்ட நூலை நடுவில் பிடித்து இறுக முடிச்சிடுங்கள். இரண்டும் ஒரே பக்கம் நின்றால் முடிச்சு தளர்ந்துவிடும். மற்ற இரண்டு ஃபாரங்களையும் இப்படியே அடுத்தடுத்த கோட்டில் தைத்தால், வெளியே முதுகில் மூன்று நூல் வரிசை தெரியும். அதை மறைக்க வேண்டியதில்லை, அழகே அதுதான்.

தைக்கும்போதே ஒவ்வொரு ஃபாரத்தின் நடுவிலும் இரண்டு சென்டிமீட்டர் அகலமுள்ள தாள் பட்டையை மடித்துச் சேர்த்துவிடுங்கள். பயணத்தில் சீட்டும் படமும் ஒட்ட ஒட்ட முன்பக்கம் பருத்து, குறிப்பேடு வாயைப் பிளந்துகொண்டு நிற்கும். பட்டை இருந்தால் முதுகும் அதற்கேற்ற பருமனில் இருக்கும்.

பழைய பேருந்துச் சீட்டுகளையும் அட்டை ரயில் டிக்கெட்டுகளையும் ஒட்டி வைத்திருக்கிறேன். அவை அப்படியே இருக்கின்றன. இப்போது நடத்துநர் இயந்திரத்தில் அடித்துத் தரும் சீட்டு மட்டும் ஆறு மாதத்தில் வெள்ளைத் தாளாகிவிடுகிறது. ஏன்? — வாசகர், திருநெல்வேலி

பழைய சீட்டுகளில் இருப்பது அச்சு மை. இயந்திரச் சீட்டில் மையே இல்லை. சூடு பட்டால் கறுக்கும் ஒரு பூச்சு தாளின் மேல் இருக்கிறது. வெளிச்சமும் வெப்பமும் பசையும் நெகிழி உறையும் அந்தப் பூச்சைக் கெடுக்கும். லேமினேஷன் செய்யக் கொடுத்தால் சீட்டு முழுவதும் கறுத்துத் திரும்பும். வாங்கிய அன்றே நகலெடுங்கள், அல்லது ஊர், தேதி, கட்டணத்தைப் பக்கத்தில் பேனாவால் எழுதி வையுங்கள்.

பழைய கடிதத்தைக் குறிப்பேட்டின் அட்டைக்குள் வைத்து ஒட்டி மறைப்பது முன்னோருக்குச் செய்யும் மரியாதைக் குறைவு என்கிறார் என் மாமியார். வீட்டில் எழுதப்பட்ட ஓலைச்சுவடியும் சில இருக்கின்றன. அவற்றை மேலட்டையில் பதிக்கலாமா என்றும் எண்ணம். — வாசகி, கும்பகோணம்

ஓலையைத் தொடவே வேண்டாம். அறிவியல், வரலாறு, இலக்கியம், கலை ஆகிய வகைகளில் மதிப்புள்ள சுவடியோ ஆவணமோ 75 ஆண்டு பழமையானால், 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி அது தொல்பொருள். வைத்தியக் குறிப்பா, நிலக் கணக்கா, பாட்டா என்று தெரியும்முன் அதில் துளை போடுவது எந்த வகையிலும் சரியில்லை. தஞ்சாவூர் சரசுவதி மகால் நூலகம் உங்களுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. கொண்டு போய்க் காட்டுங்கள்.

கடிதத்தைப் பற்றி மாமியார் சொல்வதில் பாதி எனக்கு உடன்பாடு. வாசிக்காமல் மறைத்தால் அது குறைவுதான். ஆனால் அட்டைக்குள் பழைய தாளை வைப்பது மிகத் தொன்மையான வழக்கம். எகிப்தில் நாக் அம்மாதி என்னும் ஊருக்கு அருகே 1945-இல், பாப்பிரஸ் என்னும் நாணல் தாளில் எழுதித் தோலுறை போட்ட சுவடிக் கட்டுகள் ஒரு சாடிக்குள் கிடைத்தன. அந்தத் தோலுறை விறைப்பாக நிற்பதற்காக, செய்தவர்கள் வேண்டாத கடிதங்களையும் ரசீதுகளையும் உள்ளே திணித்து ஒட்டியிருந்தார்கள். அந்தக் கழிவுத் தாள்களைப் பிரித்துப் படித்தபோது ஓர் உறைக்குள் கி.பி. 341, 346, 348 ஆகிய ஆண்டுகள் எழுதிய துண்டுகள் இருந்தன. அந்தச் சுவடி 348-க்கு முன் கட்டப்பட்டிருக்க முடியாது என்பது அப்படித்தான் உறுதியாயிற்று.

மாமியாருக்கு இதைச் சொல்லிப் பாருங்கள். அவர் இசைந்தால், கடிதத்தின் நகலை வெளியே எடுத்து வைத்துக்கொண்டு, அசலை முழுவதும் ஒட்டாமல் நான்கு மூலையில் மட்டும் சோளமாவுப் பசைப் பொட்டு வைத்து உள்ளட்டையில் நிறுத்துங்கள். அதன் மேல் ஒட்டும் தாளையும் ஓரத்தில் மட்டும் ஒட்டுங்கள். யாருடைய கடிதம், யாருக்கு எழுதியது, குறிப்பேடு கட்டிய தேதி என்ன என்பதை ஒரு சிறு சீட்டில் எழுதி அதனோடு வைத்துவிடுங்கள். பேனா வேண்டாம், பென்சிலால் எழுதுங்கள்; ஈரம் பட்டாலும் அது கரையாது.